சிஎஸ்எஸ் கோர்ஸுக்குக் காசு கொடுக்கலாமா?

(திரையில்: கோர்ஸ் விளம்பரம், ஓடும் கடிகாரம்)

வணக்கம். "தள்ளுபடி இன்னும் சில மணி நேரம்தான்" என்று இந்தக் கடிகாரம் ஓடுகிறதே, அதைப் பார்த்துப் பதறவேண்டாம். பெரும்பாலும் அடுத்த வாரமும் ஓடும். நிதானமாக யோசிப்போம்.

சிஎஸ்எஸ் என்பது இணையப்பக்கத்தின் நிறம், எழுத்து, அமைப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் மொழி. அதில் ரகசியம் எதுவும் இல்லை. 1996-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட நாளிலிருந்து அதன் விதிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நிறம், அளவு போன்ற ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் விளக்கம், உதாரணம், எந்த பிரவுசரில் ஓடும் என்ற அட்டவணை எல்லாம் எம்டிஎன் தளத்தில் இலவசம். வரிசையாகப் படிக்க ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் புராஜெக்ட் என்ற இலவசத் தளங்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவற்றை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் குழப்புகிறதா? ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஃப்ராகி விளையாடுங்கள். தவளைகளை இலையில் உட்காரவைப்பதற்குள், வரிசையில் எது எங்கே நிற்கும் என்று சொல்லும் ஜஸ்டிஃபை-கன்டென்ட் பிடிபட்டுவிடும்.

சரி, அப்போது காசு எதற்கு? நீங்கள் செய்ததை ஒருவர் பார்த்துத் திருத்துவதற்கு.

(திரையில்: ஒரே பக்கம், மூன்று பட்டன்களும் ஒரே நிறத்தில்)

கோடில் தப்பு இருந்தால் பக்கம் கோணிக்கொண்டு நிற்கும், உங்களுக்கே தெரியும். டிசைன் தப்பு அப்படிக் கண்ணில் படாது. வெளிர்சாம்பல் எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்பதை பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டெவ்டூல்ஸ்கூட அளந்து சொல்லிவிடும். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 கான்ட்ராஸ்ட், அதாவது பின்னணியோடு வெளிச்ச வேறுபாடு, வேண்டும். ஆனால் இந்த மூன்று பட்டன்களில் எதை எடுப்பாகக் காட்டுவது? தலைப்பு ஏன் தன் பத்தியை விட்டு மேலே இருப்பதோடு ஒட்டிக்கொண்டது போல் தெரிகிறது? இதற்கு அனுபவப்பட்ட கண் வேண்டும்.

அதனால் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: என் பக்கத்தை யார் பார்ப்பார்கள், எத்தனை முறை? "எங்களிடம் கம்யூனிட்டி இருக்கிறது" என்று பதில் வந்தால், உங்களைப் போலவே கற்றுக்கொள்பவர்கள்தான் பார்ப்பார்கள். வெறும் ரெக்கார்டிங் என்றால் எனக்கு அது தேவையில்லாத செலவு. தனியாக உட்கார்ந்தால் படிப்பு நகரவே நகராது என்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

பாடத்திட்டத்தையும் திறந்து பாருங்கள். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் 2017-லேயே பெரிய பிரவுசர்களுக்கு வந்துவிட்டது, ஒரு பகுதி தன்னைச் சுற்றியுள்ள பெட்டியின் அளவுக்கேற்ப மாற உதவும் கன்டெய்னர் குவரி 2023-இல் வந்தது. இன்னும் படத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிடும் ஃப்ளோட்டை வைத்து லேஅவுட் போடச் சொல்லித்தந்தால் அது பழைய சரக்கு.

சான்றிதழா? ஃப்ரீகோட்கேம்ப் அதையும் சும்மாதான் தருகிறது.