மஞ்சக்கருவைத் தூக்கிப் போடாதீங்க

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். சமையல் பண்ணிக்கிட்டே கேக்குறவங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே கேக்குறவங்க எல்லாருக்கும் வணக்கம். நான் மேலூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. நான் வேலைக்குச் சேந்தப்ப சத்துணவுல முட்டையே கிடையாது, சோறும் சாம்பாரும் தான். 1989ல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைனு ஆரம்பிச்சாங்க, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுனு ஏறி, 2010ல வாரத்துக்கு 5 முட்டைனு வந்துச்சு. அன்னைக்கு எங்க சமையல்கார அக்காவும் நானும் பட்ட சந்தோஷம் இருக்கே, அதை எப்படிச் சொல்றதுனே தெரியல. ஏன்னா வீட்டுல முட்டைங்கிறதையே காணாத பிள்ளைக எத்தனை பேரு அந்த வரிசையில தட்டோட நின்னுச்சுகனு எங்களுக்குத் தெரியும்.

ஆனா கொஞ்ச நாள்ல ஒண்ணு கவனிச்சேன். பிள்ளைக தட்டு கழுவுற குழாயடி இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல உருண்டை உருண்டையா மஞ்சக்கருவாக் கிடக்கு. வெள்ளையை மட்டும் பிச்சுத் தின்னுட்டு மஞ்சளை எறிஞ்சிருக்குக. காக்கா ஒரு கூட்டம், ஊர்க்கோழி ஒரு கூட்டம், அதுகளுக்கு நல்ல வேட்டை. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சுங்க. மறுநாள் நாலாப்பு படிக்கிற ஒரு பயலைக் கையைப் புடிச்சு நிப்பாட்டி, ஏண்டா தங்கம் இதைப் போய் எறியுறனு கேட்டேன். அவன் திட்டுவேனோனு முழிச்சுக்கிட்டே, "டீச்சர், மாவு மாதிரி தொண்டையில அடைக்குது டீச்சர், விக்குது"ங்கிறான். சரினு நானும் அவன் பக்கத்துலயே உக்காந்து ஒரு முட்டையை எடுத்து உடைச்சேன். உள்ள மஞ்சளைச் சுத்தி பாசி புடிச்ச மாதிரி பச்சையா ஒரு வளையம். வாயில போட்டா வெறும் சுண்ணாம்புப் பொடி, தண்ணி இல்லாம இறங்கல. அந்தப் பய சொன்னது அத்தனையும் நெசம்.

தப்பு எங்க அண்டாவுல தான் இருந்துச்சு. எங்களுக்கு இருக்கிறது ரெண்டே அடுப்பு. வெள்ளனே முட்டையை ஏத்தி விட்டுட்டு காய் நறுக்க, அரிசி களையனு போயிருவோம், அது பாட்டுக்கு முக்கா மணி நேரம் கொதிச்சுக்கிட்டே கிடக்கும், இறக்குன பொறகும் அந்தச் சுடுதண்ணியிலயே மத்தியானம் வரைக்கும் ஊறும். முட்டை ரொம்ப நேரம் வெந்தா வெள்ளையில இருக்க கந்தகமும் மஞ்சள்ல இருக்க இரும்பும் சேந்து அந்தப் பச்சையைக் கொடுக்கும். அதைத் தின்னா கெடுதல் ஒண்ணும் இல்ல, ஆனா பிள்ளைக்குப் புடிக்கல, அது தானே விஷயம். அதுலேர்ந்து என்ன பண்ணோம்னா, பச்சைத் தண்ணியில முட்டையைப் போட்டு ஏத்தி, தண்ணி கொதி வந்ததுலேர்ந்து கணக்கா 12 நிமிசம், உடனே இறக்கி வடிச்சிட்டு குழாய்த் தண்ணியை ரெண்டு தடவை மாத்தி மாத்தி ஊத்துறது. அவ்வளவு தான். ஓடும் லேசா உரிஞ்சு வந்துச்சு, மஞ்சளும் பொன்னு மாதிரி மெத்துனு இருந்துச்சு. ரெண்டு வாரத்துல குழாயடிக்குக் காக்கா வர்றது நின்னு போச்சு.

நான் ஏன் இந்த மஞ்சளுக்கு இப்படி அடிச்சுக்கிறேன்னு கேப்பீங்க. ஒரு முட்டையில 6 கிராம் சொச்சம் புரதம் இருக்கு, அதுல மூணரை கிராம் வெள்ளையில, மிச்சம் மஞ்சள்ல. அப்ப மஞ்சளை எறிஞ்சா புரதத்துலயே பாதிக்குக் கொஞ்சம் கம்மியா எறியுறோம். அது மட்டுமா, வைட்டமின் ஏ, டி, மூளைக்கும் நரம்புக்கும் வேணும்னு சொல்ற கோலின், கண்ணுக்கு நல்லது பண்ற லூட்டின், இதெல்லாம் மஞ்சள்ல தான் இருக்கு, வெள்ளையில தேடுனாலும் கிடைக்காது. பி12 கூட பெரும்பங்கு மஞ்சள்ல தான். இன்னொண்ணு, நம்ம அரிசிச் சோத்துல லைசின்னு ஒரு சத்து கம்மி, முட்டையில அது நெறைய. சோத்தோட ஒரு முட்டையைச் சேத்துத் தின்னா அந்தக் குறை தீந்துரும். கீரையோட தின்னா இன்னும் விசேஷம், கீரையில இருக்க, உடம்புல வைட்டமின் ஏ-வா மாறுற கரோட்டினை உடம்பு எடுத்துக்க மஞ்சக்கருவுல இருக்க கொழுப்பு ஒத்தாசை பண்ணும். அதனால முட்டை வாங்குற அன்னைக்கு முருங்கைக்கீரையும் ஒரு புடி உருவி வச்சுக்கங்க. முட்டையில நார்ச்சத்தும் கிடையாது, வைட்டமின் சியும் கிடையாது, அதுக்குக் காயும் பழமும் தான் வேணும். முட்டையில இருக்க இரும்பும் உடம்புல அவ்வளவாச் சேராது, ரத்தம் கம்மியா இருக்கவங்க முட்டையை மட்டும் நம்பி இருந்துராதீங்க.

எங்க அக்கா மகன் செல்லூர்ல இருக்கான், ஜிம்முக்குப் போறவன். அவனும் மஞ்சளை எறியுற கட்சி தான், வெள்ளையை மட்டும் பச்சையா டம்ளர்ல ஊத்திக் குடிப்பான். நான் அவன்கிட்ட சொன்னது இதான். பச்சை முட்டையில இருக்க புரதத்துல கிட்டத்தட்ட பாதி தான் உடம்புல சேருது, வேக வச்சா 100க்கு 90 சேருது. பச்சை வெள்ளையில அவிடின்னு ஒண்ணு இருக்கு, அது பயோட்டின்கிற வைட்டமினை உடம்புல சேர விடாமப் புடிச்சு வச்சுக்கும், வேக வச்சா அது அடங்கிரும். கிருமி பயமும் போகும். அப்ப காசு கொடுத்து வாங்கிப் பாதியை வீணாக்கலாமா? இப்ப அவன் அவிச்சுத் திங்குறான், மஞ்சளோட. அவிச்ச முட்டையில எண்ணெய்யும் இல்ல பாருங்க, ஒண்ணுக்கு 78 கலோரி அளவு தான். மாட்டுத்தாவணியில ராத்திரி பஸ்ஸுக்கு நிக்கிறப்ப பசிச்சா, நாலு பஜ்ஜிக்குப் பதிலா மிளகுத்தூள் தூவுன ரெண்டு அவிச்ச முட்டை, வயித்துக்கு அது எவ்வளவோ மேல்.

கண்ணாடிக்கு அங்குட்டு விரலைக் காட்டுறாங்க, ரெண்டு நிமிசம் தானாம். கொலஸ்ட்ரால் பத்தி விவரமாப் பேசணும்னு எழுதி வச்சிருந்தேன், சுருக்கமாச் சொல்றேன். ஒரு மஞ்சக்கருவுல 185 மில்லிகிராம் போல கொலஸ்ட்ரால் இருக்கு, ஆனா நம்ம கல்லீரலே அதை விட நெறையத் தயாரிக்குது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் தாண்டக் கூடாதுனு அமெரிக்காவுல வச்சிருந்த வரம்பையே 2015ல் வந்த உணவு வழிகாட்டியில எடுத்துட்டாங்க. நல்லா இருக்கவங்க தினம் ஒரு முட்டை தாராளமாச் சாப்பிடலாம். சக்கரை, இதய நோவு உள்ளவங்க மட்டும் உங்க டாக்டரைக் கேட்டு அளவு வச்சுக்கங்க. நாட்டுக்கோழி முட்டை தான் சத்தானு போற இடமெல்லாம் கேக்குறாங்க. ஓட்டு நிறம் கோழி ஜாதியைப் பொறுத்தது, மஞ்சள் அடர்த்தியா இருக்கிறது அது மேயுற தீனியைப் பொறுத்தது, நிறத்தைப் பாத்து சத்தை அளக்க முடியாது. நாட்டுக்கோழி முட்டை ஒண்ணு வாங்குற காசுக்கு வெள்ளை முட்டை ரெண்டு வாங்கி ரெண்டு பிள்ளைக்குக் கொடுங்க.

கடைசியா ஒண்ணு. நம்ம ஊர் வெயில்ல அவிச்ச முட்டையை ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க, ஃப்ரிட்ஜ்ல ஓட்டோட வச்சா ஒரு வாரம் தாங்கும், உரிச்சுட்டீங்கன்னா அன்னைக்கே தின்னுருங்க. விரிசல் விட்ட முட்டையை கடையிலயே மாத்திக்கங்க. கையைக் காட்டிட்டாங்க, வர்றேங்க, வணக்கம்.