மேடையில் மீண்டும் பிறந்த பாட்டுகள்

நண்பர்களே, அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் ‘டார்க் ஸ்டார்’ 1968-இல் சிறிய இசைத்தட்டாக வந்தது. மூன்று நிமிடம்கூட ஓடாது. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மறுவருடம் பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அதே பாட்டை வாசித்தார்கள். ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் இருக்கிறது, 23 நிமிடம். ஜெர்ரி கார்சியா பாட வாயைத் திறக்கவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை அவருடைய கிதாரும் ஃபில் லெஷின் பேஸ் கிதாரும்தான் பேசிக்கொள்கின்றன. லெஷ் பின்னால் நின்று தாளத்துக்கு முட்டுக்கொடுக்கிறவர் இல்லை. கார்சியா ஒரு பக்கம் போனால் இவர் எதிர்ப்பக்கமாக வந்து மறிப்பார்.

இதைக் கேட்டுவிட்டுப் பலர் சொல்வது: இவர்களுக்கு மேடைதான் எல்லாம், ஸ்டுடியோ ஆல்பங்கள் வெறும் சக்கை. நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

1969-இல் வந்த ‘ஆக்ஸமக்ஸோவா’ சக்கைதான், சந்தேகமில்லை. பதினாறு ஒலிகளைத் தனித்தனியே பதிந்து சேர்க்கும் 16 தடப் பதிவுக் கருவி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. மாதக்கணக்கில் ஒலிக்கு மேல் ஒலி அடுக்கி, வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியிடம் பெருங்கடன் ஏற்றிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே மாதிரிக் கருவியை அரங்குக்குக் கொண்டுபோய் எடுத்ததுதான் ‘லைவ்/டெட்’. செலவும் குறைவு.

ஆனால் 1970-இன் ‘அமெரிக்கன் பியூட்டி’யை என்ன சொல்வது? சின்னச் சின்னப் பாட்டுகள், மூன்று குரல்கள் இழைந்து வரும். மேடையில் அந்த இழைவு அடிக்கடி சுதி விலகும். நேரடிப் பதிவு என்று கொண்டாடப்படும் ‘யூரோப் 72’-இலேயே குரல்களை ஸ்டுடியோவில் திரும்பப் பாடிச் சேர்த்திருக்கிறார்கள்!

அப்புறம் 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். பெட்டி கேண்டர் ஜாக்சன் பதிவு செய்த கச்சேரி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ 1974 ஆல்பத்தில் நாலு நிமிடச் சொச்சம். இங்கே அது நிற்காமல் ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ பாட்டுக்குள் போய், இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்தைத் தாண்டுகிறது. இரண்டாவது பாட்டு இந்தக் குழுவின் ஆல்பத்தில் வந்ததே 1978-இல்தான். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று கேட்டால், இரண்டு டிரம்காரர்களும் நமக்கு முன்பே தெரிந்துகொண்டு மாறிவிடுகிறார்கள்.

அந்த வசந்தத்தில் இவ்வளவு கச்சிதம் எப்படி வந்தது? அதற்குச் சற்று முன்புதான் தயாரிப்பாளர் கீத் ஓல்சன் ‘டெராப்பின் ஸ்டேஷன்’ ஆல்பத்துக்காக அவர்களைப் பிழிந்தெடுத்து ஒத்திகை பார்க்க வைத்திருந்தார். அந்த ஆல்பத்தில் அவர் ஏற்றிய வயலின் கூட்டமும் கோரஸும் எனக்குப் பிடிக்காது. ஆனால் ஸ்டுடியோவில் வாங்கிய அடி மேடையில் பலித்தது என்றே நினைக்கிறேன்.

1987-இல் இன்னொரு வழி பார்த்தார்கள். கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், ரசிகர் யாருமில்லாத அரங்க மேடையில் நின்று ‘இன் தி டார்க்’ ஆல்பத்துக்கு அடிப்படைத் தடங்களை வாசித்துப் பதிந்தார்கள். அதிலிருந்த ‘டச் ஆஃப் கிரே’ 1982 முதலே மேடையில் பழகிய பாட்டு. அமெரிக்காவின் பிரபல பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை போனது. முப்பது வருட வாழ்வில் முதல் பத்துக்குள் வந்த ஒரே பாட்டு அதுதான்.