பாதி ஓவியத்துல டேப்லெட் வரட்டும்

(திரையில்: பாதி முடிஞ்ச வாட்டர்கலர் ஓவியம். பிரஷைப் பிடிச்ச ஒரு சின்னக் கை, காகிதத்துக்கு மேலேயே தயங்கி நிக்குது.)

இந்தக் கையைக் கொஞ்சம் கவனிங்க. பூச்சாடி வரைஞ்சாச்சு, மஞ்சள் பூவும் பூசியாச்சு. பின்னாடி இருக்கிற சுவருக்கு என்ன நிறம்? நீலம் பூசினா பூ எடுப்பாத் தெரியுமா, அமுங்கிப் போயிடுமா? வாட்டர்கலர்ல அடர் நீலம் ஒரு தடவை காகிதத்துல ஊறிட்டா, பழைய வெள்ளை முழுசாத் திரும்பி வராது. அது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதனால பெரும்பாலும் என்ன நடக்கும்னா, தண்ணியா ஏதோ ஒரு வெளிறின நிறத்தைப் பயந்து பயந்து பூசிட்டு, "முடிச்சுட்டேன் மிஸ்"னு எழுந்து வந்துடும்.

ஓவிய வகுப்புல டேப்லெட்டுக்கு வேலை இருக்கிறது இந்த இடத்துலதான்.

டேப்லெட் வந்ததும் காகிதத்தை ஓரங்கட்டிட்டு எல்லாத்தையும் திரையிலயே வரைய வைக்கிறவங்க இருக்காங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு போட்டோ எடுத்து ஃபில்டர் போடுறதோட நிறுத்திக்கிறவங்களும் இருக்காங்க. எனக்கு ரெண்டுலயும் உடன்பாடு இல்ல. ஆரம்பத்துலயும் வேண்டாம், கடைசியிலயும் வேண்டாம். நடுவுல, கை தடுமாறுற இடத்துல வரட்டும்.

(திரையில்: ஓவியத்துக்கு நேர் மேல டேப்லெட்டைப் பிடிச்சுப் போட்டோ எடுக்கிறாங்க.)

செஞ்சு பார்க்கலாம். ஓவியத்தை ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு, ஃபிளாஷ் இல்லாம, நேர் மேல இருந்து போட்டோ எடுங்க. அதை வரையுற ஆப்ல திறந்து, மேல ஒரு புது லேயர் போடுங்க. லேயர்ங்கிறது ஓவியத்து மேல பரப்பின கண்ணாடித் தாள் மாதிரி. அதுல என்ன பூசினாலும் கீழ இருக்கிறது அப்படியே இருக்கும்.

இப்போ அந்த லேயர் கீழ இருக்கிறதோட கலக்குற முறையை (பிளெண்ட் மோடு) 'மல்டிப்ளை'க்கு மாத்துங்க. பேருக்கு ஏத்த மாதிரி இது பெருக்கல் கணக்குத்தான். வெள்ளைன்னா 1, கறுப்புன்னா 0. வெள்ளைக் காகிதத்து மேல நீலம் பூசினா, ஒண்ணால பெருக்கின மாதிரி அதே நீலம் கிடைக்கும். கறுப்புக் கோட்டு மேல பூசினா, எதைப் பூஜ்யத்தால பெருக்கினாலும் பூஜ்யம்தானே, கோடு கறுப்பாவே நிக்கும். வாட்டர்கலரும் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்யுது. வெளிச்சம் நிறத்தை ஊடுருவிப் போய், காகிதத்துல பட்டுத் திரும்பி வருது. அதனாலதான் இந்த ஒத்திகையை நம்பலாம். போஸ்டர் கலர் மாதிரி அடியில இருக்கிறதை மூடுற வண்ணம்னா, 'நார்மல்'லயே விட்டுடுங்க.

(திரையில்: மூணு லேயர், மூணு சுவர். நீலம், பழுப்பு, கரும்பச்சை. ஒவ்வொண்ணா மறைஞ்சு தெரியுது.)

மூணு லேயர்ல மூணு நிறம் பூசி, ஒவ்வொண்ணா மூடித் திறந்து பாருங்க. அப்புறம் எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையாக்குங்க. எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச நிமிஷம் இது. பழுப்புச் சுவரும் மஞ்சள் பூவும் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கிச்சுன்னு வைங்க, அங்கே நிறம் வேறயா இருந்தும் வெளிச்ச அளவு ஒண்ணாயிடுச்சு. ஒரு மணி நேரம் வாயால சொல்லியும் புரியாத விஷயம், பிள்ளைக்குக் கண்ணாலயே புரிஞ்சிடும்.

இப்போ டேப்லெட்டை மூடிடுங்க. இதுல மட்டும் கண்டிப்பா இருங்க. திரையில பார்த்த நீலம் வண்ணப் பெட்டியில கிடைக்காது. திரை தானே ஒளி விடுது. வண்ணம், தன் மேல விழுற ஒளியில ஒரு பகுதியை விழுங்கிட்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தருது. அதோட வாட்டர்கலர் காய்ஞ்சா ஒரு படி வெளிறிடும். அதனால அதே வகைக் காகிதத்துல ஒரு துண்டு கிழிச்சு, நிறத்தைக் கலந்து பூசி, காய விட்டுப் பாக்கணும். திரையில நிறத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். கலக்குறது கைதான் கத்துக்கணும்.

டேவிட் ஹாக்னிங்கிற பிரிட்டிஷ் ஓவியரைப் பாருங்க. 2009ல ஐபோன்ல வரைய ஆரம்பிச்சு, அடுத்த வருஷமே ஐபேடுக்கு வந்தவர். 2011ல இங்கிலாந்துல வோல்ட்கேட்ங்கிற இடத்துல வசந்த காலம் வர்றதை வரைஞ்சப்போ, 51 ஐபேடு ஓவியங்களோட, 32 கேன்வாஸ் சேர்த்த ஒரு பெரிய எண்ணெய் ஓவியமும் பண்ணினார். ரெண்டும் சேர்ந்ததுதான் அந்தப் படைப்பு.

(திரையில்: இலை மேல காகிதம் வெச்சு கரியால தேய்க்கிற விரல்கள்.)

எதிர்த்திசையிலயும் போகலாம். ஆப்ல 'கரி'ன்னு இருக்கிற பிரஷ், வேற யாரோ உருவாக்கின தடம். உங்க பிள்ளைங்க ஒரு இலை மேல காகிதத்தை வெச்சுக் கரியால தேய்க்கட்டும். அதைப் போட்டோ எடுத்துத் தங்களோட சொந்த பிரஷா மாத்தட்டும். சொந்த பிரஷ் சேர்க்க வசதி உள்ள ஆப்கள் நிறைய இருக்கு. ஒரு பையன் தன் கையால தேய்ச்ச நரம்பு திரையில கோடா ஓடுறதைப் பாக்கிறப்போ, அவன் முகத்தைப் பாக்கணும்!

திரையில வரைஞ்சதை அச்செடுத்து மேல வண்ணம் பூசுறதா இருந்தா, முதல்ல ஒரு மூலையில சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. இன்க்ஜெட் மை பல நேரம் கரைஞ்சு ஓடும். லேசர் அச்சு ஓடாது. A4 அளவுல தெளிவா வரணும்னா 2480க்கு 3508 பிக்சல்ல ஆரம்பிங்க.

அஞ்சு பிள்ளைங்களுக்கு ஒரு டேப்லெட்தான் இருக்குன்னா? தாராளமா போதும். எல்லாரும் ஒரே நேரத்துல தடுமாற மாட்டாங்க. யாருக்குத் தேவையோ அவங்க எழுந்து வந்து பத்து நிமிஷம் பாத்துட்டுத் திரும்பிப் போகட்டும்.

(திரையில்: சுவர்ல மாட்டின ஓவியம். பக்கத்துல சின்னதா ரெண்டு அச்சுப் பிரதிகள்.)

மார்க் போடறப்போ ஓவியத்தை மட்டும் பாக்காதீங்க. வேண்டாம்னு விட்ட ரெண்டு சுவரையும் சின்னதா அச்செடுத்துப் பக்கத்துல ஒட்டச் சொல்லுங்க. "பழுப்பை ஏன்டா விட்டே?"ன்னு கேளுங்க. அந்தப் பிள்ளை சொல்ற பதிலுக்கும் சேர்த்து மார்க் போடுங்க.