டவ்ஷென்கோவின் ‘பூமி’

நேயர்களுக்கு வணக்கம். உக்ரைன் சினிமாவின் முன்னோடி ஒலெக்சாண்டர் டவ்ஷென்கோ 1894-இல் சோஸ்னிட்சியாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், தூதரக ஊழியர், கார்க்கிவில் கேலிச்சித்திரக்காரர் என்று சுற்றிவிட்டு, முப்பதைத் தாண்டிய பிறகு, 1926-இல்தான் ஒடெசா ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். நான்கே ஆண்டுகளில் ‘பூமி’ என்னும் மௌனப்படம் வந்துவிட்டது.

அந்தப் படத்தில் கேமரா தாழ்வாக இருக்கும். தொடுவானம் பிரேமின் அடியில் கிடக்கும்; ஆளும் மாடும் சின்னதாக நிற்க, மீதியெல்லாம் வானம். ஒளிப்பதிவாளர் தனிலோ டெமுட்ஸ்கி, புகைப்படக்காரராக இருந்தபோதே ‘மோனோக்கிள்’ என்னும் ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் கைதேர்ந்தவர். அதில் வெளிச்சமான விளிம்புகள் பூத்தாற்போல் விழும். லென்ஸின் துளையைச் சுருக்கினால் அந்த மென்மை போய்விடும்; அகலத் திறந்தால் முகமே கரைந்துவிடும். நிறப் பிறழ்வு (ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு தூரத்தில் குவிவது) திருத்தப்படாத லென்ஸ் என்பதால், கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் இடமும் பிலிமில் கூர்மையாகப் பதியும் இடமும் ஒன்றாக இருக்காது. பார்த்து வைத்த ஃபோகஸைக் கொஞ்சம் நகர்த்தித்தான் எடுக்க வேண்டும்.

நிலவொளியில் படத்தின் நாயகன், கிராமத்து இளைஞன் வாசில் தன்னந்தனியாகத் தெருவில் ஆடிக்கொண்டு வருவான். காலடியில் புழுதி கிளம்பும். சட்டென்று விழுவான். சுட்டவனைக் காட்டாமல், தலை தூக்கும் குதிரையைக் காட்டுவார் டவ்ஷென்கோ.

கீவில் 1930 ஏப்ரல் 8-இல் திரையிட்ட படத்துக்கு ஒன்பதே நாளில் தடை. தண்ணீர் வற்றி நின்றுபோன டிராக்டரின் ரேடியேட்டரில் ஊர்க்காரர்கள் சிறுநீர் கழித்து நிரப்பும் காட்சியும் தணிக்கைக்கு இரையானது. விவசாயிகளின் நிலங்களை ஒன்றாக்கச் சோவியத் அரசு கொண்டுவந்த கூட்டுப் பண்ணையை ஆதரித்த படத்துக்கே இந்தக் கதி! ஸ்டாலின் யோசனையில் எடுத்த ‘ஷோர்ஸ்’ (1939) பரிசெல்லாம் வாங்கியது. ஆனால் ‘பூமி’க்கு அது உறை போடக் காணாது. போர்க்காலத் திரைக்கதை ‘தீப்பற்றிய உக்ரைன்’ 1944-இல் ஸ்டாலினின் கோபத்துக்கு ஆளானது. 1956-இல் டவ்ஷென்கோ மாஸ்கோவில் காலமானார்.

விட்டுச்சென்ற திரைக்கதைகளை மனைவி யூலியா சோல்ன்ட்சேவா படமாக்கினார். அவற்றில் ஒன்றுக்கு 1961-இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது. அப்பரிசை வென்ற முதல் பெண் அவர்தான். டவ்ஷென்கோ பெயர் தாங்கிய கீவ் ஸ்டூடியோவில்தான் இயக்குநர் பரஜானோவ் 1964-இல் ‘மறந்துபோன முன்னோரின் நிழல்கள்’ எடுத்தார்.

‘பூமி’யைப் பார்க்க நினைத்தால் கீவிலுள்ள திரைப்படக் காப்பகமான டவ்ஷென்கோ மையம் 2012-இல் சீரமைத்த பிரதியைத் தேடுங்கள், உக்ரைன் இசைக்குழு தாகாபிராகாவின் இசை அதில் உண்டு. பழைய பிரதி என்றால் வேகத்தைக் கவனியுங்கள். நொடிக்கு 18 பிரேமில் ஓட வேண்டியதை 24-இல் ஓட்டினால், நான்கு நொடி நிற்க வேண்டிய முகம் மூன்றே நொடியில் மறைந்துவிடும். வாசிலின் ஆட்டமும் கோமாளிக் கூத்தாகிவிடும்.