ஷட் டவுன் கொடுத்தாலும் தூங்காத விண்டோஸ்

வணக்கம் நேயர்களே. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். உபுண்டு என்ற லினக்ஸில் இருக்கிறீர்கள், கல்யாணப் போட்டோக்கள் விண்டோஸின் டி டிரைவில். ஃபைல்ஸ் ஜன்னலின் இடப்பக்கம் டிரைவ் தெரிகிறது, சொடுக்கினால் படங்களும் தெரிகின்றன. ஆனால் ஒரு ஃபைலைக்கூட உள்ளே போட முடியவில்லை. "ரீட் ஒன்லி" என்கிறது. சில சமயம் திறக்கவே மறுக்கிறது.

டிஸ்க் போய்விட்டதோ என்று பதற வேண்டாம். விண்டோஸ் 8, அதாவது 2012 முதல், "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று வந்தது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் நினைவில் ஒரு பகுதியைச் சி டிரைவில் ஹைபர்ஃபில் என்ற ஃபைலில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. கணக்குப்பிள்ளை பேரேட்டை விரித்தபடியே சாப்பிடப் போன மாதிரி. அந்த நேரத்தில் நீங்கள் இரண்டு வரி எழுதினால்? அவர் திரும்பி வந்து, மனதிலிருந்த பழைய கணக்கையே தொடர்வார். இருவர் எழுதியதும் குழம்பும். லினக்ஸ் எழுத மறுப்பது உங்கள் நல்லதுக்குத்தான்.

வழி என்ன? ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள், முழுதாக அணையும். வேடிக்கை பாருங்கள், ரீஸ்டார்ட் கொடுத்தாலும் முழுதாகத்தான் அணைகிறது. ஷட் டவுன்தான் அணைப்பதில்லை! நிரந்தரமாக நிறுத்த, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் அமைப்புகள், அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பின் டிக் திரும்பி வந்திருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஹைபர்ஃபிலை லினக்ஸிலிருந்தே அழிக்கும் கட்டளையும் உண்டு. விண்டோஸை ஹைபர்னேட்டில், அதாவது திறந்த வேலைகளோடு தூங்கவிட்டிருந்தால், சேமிக்காத வேலை அதோடு போகும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். டிரைவில் பிழை இருந்தால் லினக்ஸின் என்டிஎஃப்எஸ்-ஃபிக்ஸ் கட்டளை மேலோட்டமாகத்தான் சரிசெய்யும். முழுப் பழுதுக்கு விண்டோஸுக்குப் போய் செக்-டிஸ்க் என்ற டிஸ்க் சோதனையை ஓட்டுவதே முறை. விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கர் பூட்டிய டிரைவானால் 48 இலக்க மீட்புச் சாவியை முன்பே எழுதி வையுங்கள்.

நேரம் முடிகிறதென்று சைகை வருகிறது. எதிர்த்திசையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் தன் ஃபைல்களை வைக்கும் ஈஎக்ஸ்டி4 வடிவப் பகுதியை விண்டோஸ் தானாகப் படிக்காது. அதற்கு டிரைவ் எழுத்து கொடுத்துச் சொடுக்கினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். கேன்சல், கேன்சல்தான்! இருபக்கமும் எழுத, இரண்டுக்கும் புரியும் எக்ஸ்ஃபாட் வடிவில் தனியாக ஒரு பகுதி பிரித்துக்கொள்ளலாம். வணக்கம்.