விலை குறைவு என்று சுங்கத்துறை சரக்கை நிறுத்தி வைக்கலாமா?

சரி, திருப்பூரிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். சீனாவிலிருந்து தையல் மிஷின் உதிரி பாகங்கள் இறக்கியிருக்கிறார், காட்டிய விலை குறைவு என்று சென்னையில் பதினோரு நாளாகச் சரக்கு நிற்கிறது. "நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா சார்?" இந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை.

சந்தேகப்பட அதிகாரம் இருக்கிறது. 2007 சுங்க மதிப்பீட்டு விதிகளில் (இறக்குமதிச் சரக்கின் மதிப்பைக் கணக்கிடும் விதிகள்) 12-வது விதி. விவரம் கேட்கலாம், நீங்கள் பதில் கொடுத்த பிறகும் நியாயமான சந்தேகம் இருந்தால் நீங்கள் காட்டிய விலையை ஏற்க மறுக்கலாம். ஆனால் ஏன் சந்தேகம் என்று நீங்கள் கேட்டால் எழுத்தில் தந்தாக வேண்டும். எழுத்தில்! பழைய நேயர்களுக்கு இது தெரியும், ஆனாலும் நான் மறுபடி சொல்வேன். 2019-ல் அலுமினியக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றமும் காரணத்தைப் பதிவு செய்யாமல் இறக்குமதியாளர் காட்டிய விலையை நிராகரித்ததை ஏற்கவில்லை.

கைப்பற்றுவது வேறு. அது சுங்கச் சட்டம் 110-வது பிரிவு, பறிமுதலுக்குரிய சரக்கு என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் வர வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்தார். "சுங்கத்துறை உயர்த்திய மதிப்பை ஏற்கிறேன், ஆணை வேண்டாம்" என்று ஏற்கெனவே டைப் அடித்திருந்தது, பெயரும் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறையிடம் கொடுக்கும் இறக்குமதி விவரப் படிவம்) நம்பரும் மட்டும் நீல பேனாவில். "கையெழுத்துப் போடுங்க, நாளைக்கே வண்டி வெளியே வந்துடும்" என்று ஏஜென்ட் சொன்னாராம், போட்டுவிட்டார். இப்போது அப்பீல் போகணும் என்கிறார்! எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால் அதே சுங்கச் சட்டத்தின் 17(5) பிரிவுப்படி 15 நாளில் காரணத்தோடு ஆணை கிடைத்திருக்கும், 60 நாளுக்குள் அதை வைத்து அப்பீல் போயிருக்கலாம். எனக்கு மனசே ஆறவில்லை.

அதனால் அதிகாரம் இருக்கிறதா என்பதைவிட, சரக்கை வெளியே எடுக்க என்ன எழுதிக் கொடுக்கணும் என்று கேளுங்கள். 18-வது பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேளுங்கள், பாண்டும் (பின்னால் வரி கூடினால் கட்டுகிறேன் என்ற உறுதிப் பத்திரம்) பிணையும் கொடுத்துச் சரக்கை எடுத்துவிடலாம், விலைச் சண்டை அப்புறம் நடக்கட்டும்.

டெமரேஜும், அதாவது சரக்கை நேரத்தில் எடுக்காததற்கான தாமதக் கட்டணமும், ஏறிக்கொண்டே இருக்குமே. சுங்க அதிகாரி நிறுத்தி வைத்த சரக்குக்கு, அது கிடக்கும் யார்டில் வாடகையோ டெமரேஜோ வாங்கக் கூடாது என்று 2009 சரக்குக் கையாளல் ஒழுங்குமுறை சொல்கிறது. ஆனால் நீங்கள் போய்க் கேட்டால் யார்டில் முதலில் கேட்பது, "நிறுத்தி வைத்ததற்கு சுங்கத்துறை பேப்பர் எங்கே?" என்பதுதான். இந்தப் பதினோரு நாளில் அந்தப் பேப்பர் உங்கள் கைக்கு வந்ததா? வரவில்லை என்றால் நாளைக் காலையில் அதற்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.