மாமன் கட்டிய ஃபீஸ்

நேயர்களுக்கு வணக்கம். படிப்பு வந்தால் பெரிய குடும்பம் சிதறிவிடும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கானா நாட்டின் அக்ரா, குமாசி நகரங்களைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிக்க வைத்ததே அந்தப் பெரிய குடும்பம்தான்.

அங்குள்ள அகான் மக்களுக்குத் தாய்வழிச் சொந்தம்தான் குடும்பம். ‘அபுசுவா’ என்பார்கள். ஒருவர் பெற்ற பிள்ளைகள் அவர் மனைவியின் அபுசுவாவைச் சேர்ந்தவர்கள். அவருக்கு வாரிசு கூடப்பிறந்தவர்களும் சகோதரியின் பிள்ளைகளும். நாம் மருமக்கள் வழி என்கிறோமே, அதுதான். கொக்கோ பணம் வந்த காலத்தில் எத்தனையோ பையன்களுக்கு ஃபீஸ் கட்டியவர் தாய்மாமன். அப்படிப் படித்து அக்ராவில் உத்தியோகம் பார்ப்பவரின் சம்பளத்தில் ஊருக்கும் பங்கு உண்டு. அடுத்த மருமகன் படிக்க வேண்டும், ஊரில் சாவு விழுந்தால் செலவுக்குக் கொடுக்க வேண்டும். இதைச் சுமை என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. பட்ட கடனைத்தான் அவர் அடைக்கிறார்.

ஆனால் அவர் மனைவியும் படித்தவர், சம்பாதிப்பவர். இருவரும் சேர்ந்து வீடு கட்டுகிறார்கள். உயில் எழுதாமல் கணவர் இறந்தால்? பழைய வழக்கப்படி சொத்து அபுசுவாவுக்குப் போய்விடும். மனைவியும் பிள்ளைகளும் வெளியே நிற்க வேண்டியதுதான். 1985இல் வந்த வாரிசுச் சட்டம் இதை மாற்றியது. குடியிருந்த வீடும் வீட்டுச் சாமான்களும் மனைவி மக்களுக்கு. மீதிச் சொத்தை 16 பங்காக்கினால் பிள்ளைகளுக்கு 9, மனைவிக்கு 3, பெற்றோருக்கு 2, குடும்பத்துக்கு 2. மிக நல்ல சட்டம் என்பேன். குடும்பத்தை அது ஒரேயடியாக வெட்டிவிடவும் இல்லை.

என்னை வருத்துவது வேறொன்று. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரச் சிறுமியை அழைத்து வருவார்கள். சில வீடுகளில் அவளையும் பள்ளியில் சேர்க்கிறார்கள். சில வீடுகளில் அடுப்படியோடு சரி. படித்த வீட்டில் இது நடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2017இல் மேல்நிலைப் பள்ளிப் படிப்பை கானா அரசு இலவசமாக்கியது. மாமனின் பாரம் கொஞ்சம் குறைந்தது. அப்புறமும் விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு டிரங்குப் பெட்டி வேண்டும், தின்பண்டம் வைக்க மரப்பெட்டி வேண்டும். அதற்கு இன்றும் அக்ராவில் இருக்கும் மாமாவுக்குத்தான் ஃபோன் போகிறது. அவர் எடுக்கத்தான் செய்கிறார்.